முதலில் தலையாட்டு, பிறகு கேள்

ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் எனக்கு வேலை. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற மாணவர்களைத் தயார்ப்படுத்தி அனுப்புவேன். விண்ணப்பம் நிரப்ப உதவுவது, நேர்காணலுக்குப் பழக்குவது, விசாவுக்கு எந்தெந்தத் தாள் வேண்டும் என்று சொல்வது, கடைசியாகப் பெட்டியில் எதை வைக்கக்கூடாது என்று சொல்வது. ஊறுகாய்ப் போத்தலைக் காலுறைக்குள் சுருட்டி வைத்தாலும் அது ஊறுகாய்தான் என்று ஒவ்வொரு பருவமும் யாருக்காவது சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வேலையில் எனக்குப் பெருமை உண்டு. மறைக்க மாட்டேன். ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் நான். அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. அப்பா மூன்றாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்த முதல் ஆள் நான், கடல் தாண்டிப் படித்த முதல் ஆளும் நான்தான். பட்டமளிப்பு விழாவில் எடுத்த படத்தை அம்மா சாமிப் படங்களுக்கு நடுவில் மாட்டி வைத்திருக்கிறார். எடுக்கச் சொன்னால் கேட்பதில்லை. நானும் அவ்வளவு வற்புறுத்திச் சொல்வதில்லை.

அதனால்தான் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி என் கல்லூரியிலேயே டிப்ளோமா படித்துவிட்டு, இங்கிலாந்தில் மீதிப் படிப்பை முடிக்க வேண்டும் என்று என் அறைக்கு வந்தபோது, அவளை என் சொந்தத் தங்கை மாதிரி எடுத்துக்கொண்டேன். அவளுக்கு வயது இருபது. அம்மா மட்டும்தான். அம்மா தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறார். செடிகளுக்கு வரும் நோய்களைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

"எதுக்கு அதைப் படிக்கணும்?" என்று முதல் நாள் கேட்டேன். நேர்காணலில் எப்படியும் கேட்பார்கள்.

"தேயிலையில கொப்புளம் வரும்ல அக்கா, எலையில. அது வந்தா மருந்தடிக்கச் சொல்வாங்க. எதுக்கு வருது, ஏன் இந்த மலையில வருது அந்த மலையில வரலன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிக்கணும்."

இதைவிட நல்ல பதிலை நான் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. நம் நாட்டு அறக்கட்டளை ஒன்று அவளுக்கு உதவித்தொகை தரவும் ஒப்புக்கொண்டது. ஆனால் அறிவியல் படிப்புக்கு மட்டும்தான் தருவார்கள். அந்தப் படிப்பில் இடம் கிடைத்தால் அவள் போகலாம். கிடைக்காவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவு எளிது.

பல்கலைக்கழகத்து நேர்காணல் காணொளியில் நடந்தது. நமக்கு மாலை ஐந்து மணி, அவர்களுக்குக் காலை ஒன்பது. அதற்கு முன் நான் இரண்டு வாரம் அவளைப் பழக்கியிருந்தேன். எப்படி உட்கார வேண்டும், கேமராவில் எங்கே பார்க்க வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். கடைசியாக ஒன்றைச் சொன்னேன். இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

"ஏதாவது கேள்வி புரியலன்னா முழிக்காத. சிரிச்சிக்கிட்டே யெஸ் சார்னு சொல்லிடு. பேச்சு நிக்கக்கூடாது. அப்புறம் வெளிய வந்து என்னைக் கேளு, பாத்துக்கலாம்."

இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் காலையில் பெரட்டு நடக்கும். ஆட்கள் எல்லாரும் கூடி நிற்க, கங்காணி பெயர் கூப்பிட்டு அன்றைய வேலையைச் சொல்வார். இத்தனையாம் நம்பர் மலை, இவ்வளவு உயரம் வெட்டு, இந்த ஓரத்தை விட்டுவிடு என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார். யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். கேட்காமல் விட்டதை மலைக்கு நடக்கும் வழியில் பக்கத்தில் வருகிற ஆளிடம் கேட்டுக்கொள்வார்கள். "என்னா சொன்னாரு, மேல் பாதையா கீழ் பாதையா?" அந்த ஆளுக்கும் தெரியாவிட்டால் அதற்கு முன்னால் போகிற ஆளுக்குத் தெரிந்திருக்கும். மலை போய்ச் சேர்வதற்குள் செய்தி முழுசாகிவிடும். சின்ன வயதில் பள்ளி லோரிக்குக் காத்து நிற்கும்போது இதைத் தினமும் பார்ப்பேன்.

அந்தப் பழக்கத்தோடுதான் நான் இங்கிலாந்துக்குப் போனேன். முதல் வாரம் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் பேசியது பாதிதான் விளங்கியது. எல்லாவற்றுக்கும் யெஸ் சொன்னேன். பிறகு என் மேசைக்கு எதிரே இருந்த நைஜீரியப் பெண்ணிடம் போய்க் கேட்டுக்கொண்டேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு சொல்லிக் கொடுத்தாள். மூன்று வருடம் அப்படியே ஓடியது. நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். எனக்கு உதவியது எல்லாருக்கும் உதவும் என்று நம்பினேன். நான் வெற்றி பெற்றவள் இல்லையா? வெற்றி பெற்றவர்கள் தாங்கள் செய்த எல்லாவற்றையும் வெற்றிக்குக் காரணமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

நேர்காணலின்போது நான் கல்லூரியில் அவள் இருந்த அறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து நிமிடம். அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். மறுநாள் சனிக்கிழமை. என் காடியிலேயே அவளையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். மலையேறிக் கம்போங் ராஜாவைத் தாண்டியதும் வழக்கமான நெரிசல். சுற்றுலாக் காடிகளுக்கும் காய்கறி லோரிகளுக்கும் நடுவில் ஊர்ந்துகொண்டிருந்தோம்.

"கடைசியில ஒரு நீட்டுக் கேள்வி கேட்டாருக்கா," என்றாள். "வேகமாப் பேசுனாரு. புரியல. நீங்க சொன்ன மாதிரி யெஸ் சார்னு சொல்லிட்டேன்."

"குட். அவரு என்ன சொன்னாரு?"

"தேங்க்யூ, வெரி ஹெல்ப்புல்னு சொன்னாரு."

"அப்புறம் என்னா," என்றேன். முன்னால் இருந்த லோரியை எங்கே முந்தலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்ன கேள்வி, ஒரு வார்த்தையாவது நினைவிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து என்னைக் கேள் என்று சொன்னவள் நான். அவள் கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. அப்போது பருவ விடுமுறை, அவள் வீட்டில் இருந்தாள். நேர்காணலில் நீங்கள் ஒப்புக்கொண்டபடி உங்களை வேளாண் வணிக நிர்வாகப் படிப்புக்கு மாற்றி இடம் தருகிறோம், ஏழு நாளுக்குள் பதில் அனுப்பவும் என்று இருந்தது. நான் இரண்டு தடவை படித்தேன். பிறகு அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

கடிதத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, "அந்த நீட்டுக் கேள்விதான்கா," என்றாள். "இந்தப் படிப்புல ஆளு நெறைய, வேற படிப்புக்கு மாறிக்கிறியான்னு கேட்டிருக்காரு."

வணிக நிர்வாகத்துக்கு உதவித்தொகை கிடையாது. அவள் சொன்ன ஒரு யெஸ்ஸில் படிப்பும் போயிற்று, போகிற வழியும் போயிற்று.

அன்று மத்தியானம் நான் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவள் எழுதுவது போல நான் எழுதியது. நேர்காணலின் கடைசிப் பகுதியில் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டதால் கேள்வி சரியாகக் கேட்கவில்லை, வருந்துகிறேன் என்று நல்ல ஆங்கிலத்தில், மரியாதையாக, நீளமாக எழுதியிருந்தேன். எனக்கே பிடித்திருந்தது. அவள் ஒரு தடவை பார்த்துச் சரி சொன்னால் அனுப்பிவிடலாம் என்று சனிக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் அம்மா அப்போதுதான் துணி துவைத்து முடித்திருந்தார். அத்தை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். நான் மின்னஞ்சலைத் தமிழில் சொன்னேன். அத்தை கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"லைன் கட்டாச்சா?" என்று மகளைப் பார்த்தார்.

"இல்லம்மா. நல்லாத்தான் இருந்துச்சு. அவரு மூக்கு மேல ஒரு மச்சம், அது கூடத் தெரிஞ்சிச்சு."

"அப்புறம் எதுக்கு லைன் மேல பழியப் போடுறீங்க?"

"புரியாமச் சொல்லிட்டேன்னு எழுதுனா மானம் போயிடும் அத்தை," என்றேன். "இங்கிலீஷே தெரியாதவன்னு நினைச்சிடுவாங்க."

"யாரு மானம் பாப்பா?"

அவர் குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இந்தப் பெண்ணை நான்தான் தயார்ப்படுத்தினேன் என்று ஈப்போவில் என் துறை முழுக்கத் தெரியும்.

அவள் என் கைப்பேசியை வாங்கி மின்னஞ்சலை மறுபடி படித்தாள். "அழகா எழுதியிருக்கீங்கக்கா," என்றாள். "ஆனா இதை அனுப்புனா அவரு மறுபடி கூப்பிட்டுக் கேப்பாரு. நான் மறுபடி தலையாட்டுவேன். எனக்கு என்னையத் தெரியும்லா." கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "நானே பேசறேன். பேசணும்னு மட்டும் எழுதுங்க. காரணம் எழுத வேணாம்."

"சரி. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"கோச்சிக்காதீங்கக்கா. நீங்க ரூம்ல இருக்கக்கூடாது. கதவுக்கு வெளியவும் கூடாது. நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சா எனக்கு வாய் தானா யெஸ்ஸுன்னு போவுது."

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு வாரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவளை வெளியே போ என்கிறாளே என்று இருந்தது. மலையிறங்கிப் போகும் வழியெல்லாம் மனசுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டு போனேன். ஈப்போ போய்ச் சேர்ந்ததும் இரண்டே வரியில் மின்னஞ்சல் எழுதினேன். கடிதம் பற்றி மாணவி உங்களோடு பத்து நிமிடம் பேச விரும்புகிறாள் என்று மட்டும். திங்கட்கிழமை பதில் வந்தது. செவ்வாய், அதே நேரம்.

லயத்தில் மழை வந்தால் இணையம் போய்விடும். அதனால் தானா ராத்தா டவுனில் எங்களுக்குத் தெரிந்த பாய் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் பேசுவது என்று முடிவாயிற்று. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து அவளைக் கடையில் விட்டேன். பாய் விவரம் கேட்டார்.

"என்னாம்மா, மாப்பிள்ளை பாக்கறதா வீடியோவுல?"

"இல்ல பாய். காலேஜ் இன்டர்வியூ."

"அது அதைவிடப் பெரிசு. டேய், டிவிய அடை!" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். கடைசி மேசையில் இருந்தவர்களை எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைத்தார். அவர்கள் சாப்பிட்ட தட்டைக் கையில் பிடித்துக்கொண்டே மாறினார்கள்.

அவள் சுவரோரம் உட்கார்ந்து கைப்பேசியைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்தாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டாள். நான் வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். ஐந்து நிமிடத்தில் அத்தை வந்து சேர்ந்தார். வேலை முடிந்த கையோடு, மழைக்கோட்டும் பூட்சுமாக, யாரோ ஒருவரின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தார். இரண்டு பேரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என்னா பேசுறா?"

"கேக்கல அத்தை."

"உனக்குக் கூடவா கேக்கல?" என்றார். படித்த பெண்ணுக்குக் கண்ணாடிக்கு அந்தப்பக்கமும் காது கேட்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

அவள் பேசினாள். நிறுத்தினாள். எதிர்ப்பக்கம் பேசுவதைக் கேட்டாள். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. நான் சொல்லிக் கொடுத்த சிரிப்பு. தலை லேசாக அசையத் தொடங்கியது. கண்ணாடியைத் தட்டிவிடலாமா என்று கை போனது. அதற்குள் அவள் தலை நின்றுவிட்டது. சிரிப்பு போயிற்று. வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்துக் கைப்பேசிக்கு நேராகக் காட்டினாள்.

"தொரையக் கையக் காட்டி நிறுத்துறா," என்றார் அத்தை. பயமா சந்தோஷமா என்று தெரியாத குரல்.

மூன்று தடவை அப்படி நிறுத்தினாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஒரு தாளில் எதையோ எழுதி, எழுதியதைப் பார்த்துப் படித்தாள். பிறகு நீளமாகப் பேசினாள். கைகள் இலை மாதிரி விரிந்து மடங்கின. கொப்புள நோயைத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

முடிந்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. நாங்கள்தான் உள்ளே போனோம். உதட்டுக்கு மேல் வேர்த்திருந்தது, அந்தக் குளிரில்.

"புரியாம யெஸ் சொல்லிட்டேன், மன்னிச்சிக்குங்கன்னு முதல்லயே சொல்லிட்டேன்கா. அவரு வேகமாத்தான் பேசறாரு. திருப்பிச் சொல்லுங்கன்னேன். மறுபடி வேகமாச் சொன்னாரு. மறுபடி கேட்டேன். மூணாவது தடவ அவரே ஸாரி சொன்னாரு. நான் எப்பவும் இப்படித்தான், என் பொண்டாட்டியும் திட்டுவான்னாரு."

"இடம்?"

"அந்தப் படிப்புல இடம் இருக்கான்னு பாக்கணுமாம். வேற யாருக்காச்சும் குடுத்திருக்கலாமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்னாரு." கையில் இருந்த தாளை மடித்தாள். "இல்லன்னா அடுத்த வருசம் மறுபடி எழுதுவியான்னு கேட்டாரு. அது ஒரே தடவையில புரிஞ்சிச்சு. எழுதுவேன்னு சொல்லிட்டேன்."

பாய் கேட்காமலே மூன்று தே தாரிக் தேநீர் கொண்டுவந்து வைத்தார். "என்னா ஆச்சு?" என்றார். வெள்ளிக்கிழமை தெரியும் என்றோம். "அப்ப வெள்ளிக்கிழமை வந்து காசு குடுங்க," என்று போய்விட்டார்.

புதன்கிழமை எனக்கு நேர்காணல் பயிற்சி வகுப்பு இருந்தது. வழக்கமான பயிற்சியைத் தொடங்கியவள் நடுவில் நிறுத்தினேன். வேண்டுமென்றே ஒரு கேள்வியை அரைகுறையாக, வாய்க்குள் முனகி, வேகமாகக் கேட்டேன். எனக்கே என்ன கேட்டேன் என்று தெரியாது. முன்வரிசை முழுக்க அழகாகத் தலையாட்டியது. ஒரு பையன் மட்டும் "டீச்சர், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். அவனுக்குத்தான் அன்று முழு மதிப்பெண் போட்டேன். மற்றவர்களிடம், போன மாதம் உங்களுக்கு ஒரு தவறான யோசனை சொன்னேன், அதை அழித்துவிடுங்கள் என்றேன். அந்த வகுப்பில் அதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடிதம் வந்தது. தாவர நோயியல், செப்டம்பர் மாதம் தொடக்கம். நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நோயியல்னுதானே போட்டிருக்கு? நல்லாப் பாத்தீங்களா அக்கா?" படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன்.

சனிக்கிழமை கடிதத்தைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு மேலே போனேன். அத்தை குளித்துவிட்டு நெற்றியில் திருநீறு பூசி, பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். ஒரு நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"படி பாப்பா. ஒவ்வொரு வரியா. தமிழ்ல சொல்லு."

"எடம் கெடச்சிடிச்சு அத்தை, அவ்வளவுதான் இதுல இருக்கு."

"அவ்வளவுதான்னா எதுக்கு ரெண்டு பக்கம்?"

அடுப்படியிலிருந்து மகள் சிரித்தாள். "படிங்கக்கா. இப்பல்லாம் எங்கம்மா கங்காணியவே விடறதில்ல. வியாழக்கிழமை பெரட்டுல கைய தூக்கி மறுபடி சொல்லுங்கன்னு கேட்டிச்சாம். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்களாம்."

"சொன்னாரா?" என்று கேட்டேன்.

"மொறைச்சாரு. அப்புறம் சொன்னாரு," என்றார் அத்தை. "நீ படி."

படித்தேன். படிப்பின் பெயர். எத்தனை வருடம். தங்குகிற இடத்துக்கு எப்போது எழுத வேண்டும். மருத்துவப் பரிசோதனை. விளங்காத இடத்தில் எல்லாம் அத்தை விரலைத் தூக்கினார். காசநோய்ச் சோதனை எதற்கு, நம் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் எடுக்கலாமா? எடுக்க முடியாது, அவர்கள் சொன்ன இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்றேன். விடுதியில் எத்தனை பேர் ஓர் அறையில்? கடிதத்தில் இல்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். முதல் பக்கம் முடிய அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

பக்கத்தைத் திருப்பினேன். அத்தை மறுபடி விரலைத் தூக்கினார். நான் இன்னும் எதையும் படிக்கவில்லை.

"படிச்சு முடிச்சதும் அவ இங்க திரும்பி வரணும்னு இதுல எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் இரண்டாம் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். முதல் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். எழுதியிருக்கிறதா என்று தெரியாமல் பார்க்கவில்லை. இல்லை என்று எனக்கு முன்பே தெரியும். சிரித்துக்கொண்டே, வருவாள் அத்தை, வராமல் எங்கே போவாள் என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது.

"இல்ல அத்தை," என்றேன். "அப்படி எங்கயும் எழுதல."

அத்தை தலையாட்டவில்லை. கால்களை மடக்கி நன்றாக உட்கார்ந்துகொண்டார்.

"சரி," என்றார். "அடுத்த வரியப் படி."